கணினி கொடுத்தால் போதுமா?

‘தமிழ்ப்பள்ளிக்குக் கணினிகள் அன்பளிப்பு’ என்ற செய்தியை நாம் எத்தனை முறை நாளிதழில் படித்திருப்போம்! மாலை, பொன்னாடை, மேசைமேல் வரிசையாகப் பெட்டிகள், பின்னால் கைகட்டி நிற்கும் பிள்ளைகள். படம் எடுத்து முடிந்ததும் எல்லாரும் வீடு திரும்பி விடுகிறோம். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கணினி அறையின் கதவைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

கொடுப்பதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கொடுத்தவர்களின் நல்ல மனத்தால்தான் பல தோட்டத்துப் பள்ளிகளுக்குக் கணினியே வந்தது. ஆனால், தனித்தனியாக நிற்கும் பத்துக் கணினிகளைக் கொடுப்பதும், பத்தையும் இணைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தப் பெயரும் சொந்த இடமும் கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னதை நாம் ஆண்டுதோறும் செய்கிறோம். பின்னதைப் பெரும்பாலும் செய்வதே இல்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பள்ளிகளை மனத்தில் வைத்து, அந்த இரண்டாவது வேலை ஏன் முக்கியம் என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரே பெயரில் நாற்பது பேர்

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே நமக்கெல்லாம் ஒரு நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கிடைத்துவிடுகின்றன. நூலகத்துக் கணினியில் உட்கார்ந்தாலும் புலத்தின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தாலும் அதே பெயரைத் தட்டுகிறோம். நேற்று சேமித்த கோப்பு இன்று வேறொரு கணினியிலும் நமக்காகக் காத்திருக்கிறது. அது மட்டுமா? எடுரோம் என்ற ஏற்பாட்டின் வழி, வேறொரு பல்கலைக்கழகத்துக்குக் கவிதைப் போட்டிக்குப் போனாலும் நம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லியே அங்குள்ள வைஃபையில் நுழைய முடிகிறது. இதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதைப் போல் ஆகிவிட்டது.

தோட்டத்துப் பள்ளியில் நிலை வேறு. நான் படித்த தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் எல்லா மாணவருக்கும் ஒரே பெயர்தான்: ‘முரிட்’. கடவுச்சொல் வெண்பலகையின் மூலையில் எழுதியிருக்கும். ‘நான் ஒரு குடை’ என்ற தன்கதையைத் தட்டச்சு செய்து சேமித்துவிட்டுப் போவோம். அடுத்த வாரம் வந்தால் அந்தக் கணினியில் வேறொரு வகுப்பு மாணவன் உட்கார்ந்திருப்பான். அல்லது யாரோ கோப்பை அழித்துவிட்டு அதே இடத்தில் படம் வரைந்து வைத்திருப்பார்கள். யாரைக் கேட்பது? எல்லாருமே ‘முரிட்’தானே! எழுதியவனுக்கும் பெயரில்லை, அழித்தவனுக்கும் பெயரில்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கு உண்மையிலேயே இது சின்ன விஷயம்தான். லயத்து வீட்டில் அப்பாவின் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில் அப்படியல்ல. தான் எழுதிய ஒன்று நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்தால்தான் உண்டு. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தப் பிள்ளை இரண்டாம் வரைவு எழுதும்? எந்தப் பிள்ளை போன ஆண்டு எழுதியதைத் திறந்து பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்?

பெரட்டும் பதிவேடும்

‘மைய நுழைவு’, ‘பகிர்ந்த கோப்பு’ என்றெல்லாம் சொன்னால் கணினித் துறை மாணவருக்கு மட்டும் உரிய பேச்சென்று ஒதுங்கிவிடாதீர்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது நன்கு பழகிய ஏற்பாடு.

போ தேயிலை நிறுவனத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கினார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்களின் உழைப்பு இருக்கிறது. தோட்ட வாழ்க்கையின் நடுவில் இருந்தது ஒரு பதிவேடு. விடியற்காலைப் பெரட்டில் கிராணி அதைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுவார். கொழுந்து நிறுக்கும் இடத்திலும், சம்பளம் போடும் நாளிலும் அதே பெயர்தான் செல்லும். ஒவ்வோர் இடத்திலும் ‘நீ யார்?’ என்று புதிதாக விசாரிக்க வேண்டியதில்லை. பெயர் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும். மற்ற இடங்களெல்லாம் அந்த இடத்தை நம்பும்.

கணினி வலையமைப்பின் மைய நுழைவும் இதுவேதான். பள்ளியில் ஒரு கணினியை வழங்கியாக, அதாவது சர்வராக, வைக்கிறோம். அதில் மூன்று பொறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, யார் யார் இருக்கிறார்கள், எந்த வகுப்பு, எந்தக் குழு என்ற பதிவேடு. இரண்டாவது, உட்காருபவர் அவர்தானா என்று கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் காவல். மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தட்டும் உள்ள கோப்பு அலமாரி. மாணவி எந்தக் கணினியில் தன் பெயரைத் தட்டினாலும் அந்தக் கணினி தானாக முடிவு செய்யாது, வழங்கியைக் கேட்கும். ‘ஆம், இவள் ஐந்தாம் ஆண்டு மாணவி’ என்று வழங்கி சொன்னதும் அவளுடைய தட்டு திரையில் திறக்கும்.

இவை எல்லாம் புதியவை அல்ல, விலை உயர்ந்தவையும் அல்ல. மாணவர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் தன் கோப்பைக் காண வேண்டும் என்ற குறிக்கோளோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1983இல் ‘அதீனா’ திட்டத்தைத் தொடங்கியது. கடவுச்சொல்லைக் கம்பிவழி அனுப்பாமலே ஆளைச் சரிபார்க்கும் ‘கெர்பரோஸ்’ முறை அங்கே பிறந்தது. 1984இல் சன் நிறுவனம் வலைவழிக் கோப்புப் பகிர்வு முறையை வெளியிட்டது. விண்டோஸ் கணினிகளும் பிற கணினிகளும் ஒரே அலமாரியைப் பகிர்ந்துகொள்ள உதவும் ‘சம்பா’ மென்பொருளை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதினார். அது இன்றும் இலவசம். பள்ளிகளுக்காகவே இவை அனைத்தையும் ஒன்றாகக் கட்டித் தரும் ‘ஸ்கோலேலினக்ஸ்’ திட்டத்தை நார்வே நாட்டினர் 2001இல் தொடங்கினர். தங்கள் மொழியிலேயே பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தது. ஐம்பது இலட்சத்தைச் சுற்றிய மக்கள்தொகை கொண்ட நாடு அப்படி நினைத்தது. தமிழர் நாம் நினைக்கக் கூடாதா?

மேகம் இருக்கிறதே, வழங்கி எதற்கு?

‘இதெல்லாம் பழைய கதை. இப்போதுதான் கல்வி அமைச்சு எல்லா மாணவருக்கும் அடையாளம் கொடுத்துவிட்டதே!’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் தலைமுறை தொடக்கப்பள்ளியில் இருந்தபோது 1பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைத்து, ஆசிரியர், மாணவர், பெற்றோர் அனைவருக்கும் ‘ஃப்ராக்’ என்ற மெய்நிகர் கற்றல் தளத்தில் நுழைவுப் பெயர் கொடுப்பது அதன் நோக்கம். நோக்கம் பெரிது. ஆனால், 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அந்தத் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று சுட்டியது. 2019ஆம் ஆண்டின் நடுவில் அந்தத் தளத்தின் காலம் முடிந்தது. கூகுள் கிளாஸ்ரூம் அதன் இடத்துக்கு வந்தது. 2020இல் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் நிறுவனங்களின் கருவிகளை ஒரே அடையாளத்தின்கீழ்த் தரும் ‘டெலிமா’ தளத்தை அமைச்சு தொடங்கியது. மார்ச் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட அந்த ஆண்டில், அது பலருக்குக் கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

டெலிமாவை நான் எதிர்க்கவில்லை. இணைய இணைப்பு சீராக உள்ள பட்டணத்துப் பள்ளிக்கு அதுவே போதும். என் கேள்வி மலையைப் பற்றியது. கேமரனில் பள்ளத்தாக்குக்குள் அமைந்த லயங்களும் பள்ளிகளும் உண்டு. நடுவில் ஒரு முகடு நின்றால் அலை எட்டாது. மழைக்காலத்தில் மண்சரிவும் மின்தடையும் கேமரனுக்குப் புதியவை அல்ல. இணையம் அறுந்த நாளில், வெளியே உள்ள அடையாளத்தை மட்டும் நம்பிய கணினி அறையில் பிள்ளைகளின் கோப்புகள் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. பத்தடி தள்ளி அடுத்த மேசையில் உள்ள தோழிக்கு ஒரு படத்தை அனுப்ப, அது கடல் கடந்து போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. பள்ளிக்குள்ளேயே ஒரு வழங்கி இருந்தால், வெளிக்கம்பி அறுந்தாலும் உள்வேலை நடக்கும். இணையம் வந்ததும் டெலிமாவுக்கு வேண்டியதை அனுப்பிக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாய் வந்த பிறகும் வீட்டில் தொட்டி வைக்கிறோமே, அதைப் போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. தளம் மாறும்போது பழைய பெயரும் பழைய கடவுச்சொல்லும் பயனற்றுப் போகின்றன. ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளியில் இருக்கும் ஆறு ஆண்டுகளுக்குள்ளேயே இது நடந்துவிட முடியும் என்பதை 2019 காட்டியது. பள்ளியின் அலமாரி பள்ளியிடமே இருந்தால், அதை எப்போது காலி செய்வது என்பதைப் பள்ளியே முடிவு செய்யும்.

ஆசிரியர் மாறினால் பாடமும் போய்விடுகிறது

மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்கிறது அமைச்சு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகைதான். மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்தி ஒரே ஆசிரியர் கற்பிப்பதும் உண்டு. அந்த ஆசிரியர் இரவெல்லாம் உழைத்து இரண்டு நிலைகளுக்கும் பயிற்சித்தாள் தயாரிக்கிறார். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? அவருடைய பென்டிரைவில். அவர் கீழ்நாட்டுக்கு மாற்றலாகிப் போனால் பென்டிரைவும் போகிறது. புதிதாக வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

பொது அலமாரி ஒன்று இருந்தால், ‘நான்காம் ஆண்டு – தமிழ்மொழி – பயிற்சிகள்’ என்ற தட்டு பள்ளியின் சொத்தாக நிற்கும். ஆசிரியர்கள் எழுதலாம், திருத்தலாம். மாணவர்கள் படிக்கலாம், ஆனால் மாற்ற முடியாது. யார் எதைத் திறக்கலாம், எதில் எழுதலாம் என்ற இந்த உரிமைப் பங்கீடு, எல்லாருக்கும் ஒரே பெயர் உள்ள இடத்தில் நடக்கவே நடக்காது. பெயர் இருந்தால்தான் உரிமை இருக்கும்.

தமிழுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை இன்னொரு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கிய நாடு இது; தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. இருந்தும் பழைய முறைக் கோப்புகள் பள்ளிகளில் இன்னும் கிடக்கின்றன. பொது அலமாரியில் வைக்கும் எதுவும் யூனிகோடில்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே விதி வைத்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து வரும் ஆசிரியரும் அதைத் திறந்து படிக்க முடியும்.

தேயிலைத் தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர். தமிழ்க் குடும்பங்கள் பட்டணங்களுக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துப் பள்ளிகள் இடம் மாறுவதும் நாம் அறிந்ததே. பழைய நிழற்படங்களும் விளையாட்டுப் போட்டி முடிவுகளும் பிள்ளைகளின் கதைகளும் அந்த மாற்றத்தில் எங்கே போகும்? அலமாரி ஒன்று இருந்தால் பள்ளியோடு அதுவும் இடம் மாறும்.

பெயர் எழுதுவதிலேயே இருக்கிறது பாடம்

வழங்கி வைக்க முனைபவருக்கு முதல் தலைவலி பிள்ளைகளின் பெயரை ஏற்றும்போதே வரும். பயனர் பதிவேட்டு மென்பொருள்களில் ‘குடும்பப் பெயர்’ என்ற பகுதியைக் காலியாக விடப் பொதுவாக முடியாது. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. அதனால் தந்தையின் பெயரை அங்கே இடுகிறார்கள். விளைவு? சில திரைகளில் பிள்ளையின் பெயருக்குப் பதில் அப்பாவின் பெயர் வரவேற்கும். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் ஒரு தளத்தில் எனக்கே இந்த அனுபவம் உண்டு. அப்பாவின் பெயரில் பாராட்டு வாங்குவது பெருமைதான். ஆனாலும் பாராட்டு எனக்கு உரியதல்லவா?

அடுத்தது, அடையாள அட்டையில் நம் பெயருக்கு நடுவே வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’. அந்தச் சாய்கோட்டை விண்டோஸ் நுழைவுப் பெயரில் ஏற்காது. லினக்ஸில் சாய்கோடு அடைவுகளைப் பிரிக்கும் குறி. அதைப் பெயரில் வைக்க முடியாது. ஆக, எந்த முறையில் சுருக்குவது, ஒரே பெயருள்ள இரு பிள்ளைகளை எப்படி வேறுபடுத்துவது, திரையில் தெரியும் பெயரைத் தமிழ் எழுத்திலேயே காட்டுவது என்பதையெல்லாம் நம் வழக்கம் தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். நுழைவுப் பெயர் உரோமன் எழுத்தில் இருக்கட்டும். திரையில் வரவேற்கும் பெயர் தமிழில் இருக்கலாம். தடையேதும் இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை தன் பெயரைத் திரையில் தமிழில் பார்க்கும்போது அடையும் மகிழ்ச்சிக்கு விலை உண்டா?

சாவி யார் கையில்?

பதிவேட்டை நான் புகழ்ந்து கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்துப் பதிவேட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பதிவேடு யார் கையில் இருந்ததோ அவர் கையில் அதிகாரமும் இருந்தது. பெயர் விடுபட்டால் அன்றைய கூலி இல்லை. கிராணியைப் பகைத்துக்கொள்ளப் பலர் அஞ்சியதற்குக் காரணம் அந்தப் புத்தகம்தான்.

வழங்கியின் நிர்வாகி அப்படிப்பட்டவர்தான். அவர் யாருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம். யாருடைய தட்டையும் திறக்கலாம். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே அரசுப் பள்ளியின் வழங்கியைக் காக்க அந்தச் சட்டம் வராது. பள்ளியே விதி வகுத்துக்கொள்வது நல்லது. நிர்வாகியின் கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. உறையில் இட்டுத் தலைமையாசிரியரின் பெட்டகத்தில் வைக்க வேண்டும். மாணவரின் தட்டை அவருக்குத் தெரியாமல் திறக்கக் கூடாது என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சொல்லி எழுதி வைக்க வேண்டும். அமைத்துக் கொடுக்கும் நம்மைப் போன்ற மாணவர்கள், வேலை முடிந்ததும் தங்கள் நுழைவுப் பெயரை நீக்கிவிட்டு வெளியேற வேண்டும்.

எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில் ஆபத்தும் உண்டு. வழங்கி படுத்தால் அனைவரும் வெளியே நிற்க நேரிடும். ஆகவே மின்தடையைத் தாங்க ஒரு யூ.பி.எஸ். வேண்டும், பதிவேட்டின் நகல் இரண்டாவது கணினி ஒன்றில் இருக்க வேண்டும், கோப்புகளை இரவுதோறும் வேறொரு வன்தட்டில் படி எடுக்க வேண்டும். வன்தட்டு ஈரமும் குளிரும் படாத அலமாரியில் இருக்கட்டும்.

மலைப் பள்ளிக்குப் போகிறவர் ஒரு நுணுக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கெர்பரோஸ் முறையில் வழங்கியின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்குமேல் வேறுபட்டால் பொதுவாக நுழைவு மறுக்கப்படும். அன்பளிப்பாக வரும் பழைய கணினிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்தாலே அவற்றின் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். சரியான கடவுச்சொல்லைத் தட்டிய பிள்ளையையும் கணினி வெளியே நிறுத்தும். ‘கணினி கெட்டுப்போச்சு’ என்று மூடி வைத்துவிடுவார்கள். ஒரு சிறு மின்கலத்தை மாற்றி, எல்லாக் கணினியும் வழங்கியிடமே நேரத்தைக் கேட்குமாறு அமைத்தால் தீர்ந்தது. கணினி கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நம்மைப் போன்ற தமிழ்மொழிக் கழகங்கள் தோட்டத்துப் பள்ளிகளுக்குப் போகாமல் இல்லை. முன்பு யூ.பி.எஸ்.ஆர். பட்டறைகள் நடத்தினோம். 2021இல் அந்தத் தேர்வு அகற்றப்பட்டபின் ‘அடுத்து என்ன செய்வது?’ என்ற கேள்வி பல கழகங்களில் இருக்கிறது. என் பரிந்துரை இதுதான்.

ஒரே ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுப்போம். தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திடமும் முறைப்படி அனுமதி பெறுவோம். நாற்பது மாணவர் உள்ள பள்ளியில் தலைக்கு 2 ஜிபி கொடுத்தாலும் மொத்தம் 80 ஜிபிதான். சாதாரண மேசைக்கணினி ஒன்று போதும். மென்பொருளுக்குச் செலவில்லை. கணினித் துறை மாணவர்கள் அமைக்கட்டும். தமிழ்த் துறை மாணவர்கள் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றட்டும். முன்னாள் மாணவர்கள் வன்தட்டுக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் பொருளுதவி செய்யட்டும். மிக முக்கியமாக, அந்தப் பள்ளி ஆசிரியர் இருவருக்குக் கற்றுக்கொடுத்து, தமிழில் ஒரு கையேடு எழுதி வைத்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு தவணையும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டுகள் நிலைத்து நின்றால், அடுத்த தோட்டத்துக்கு அதே கையேட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

இதற்கு மாலை மரியாதை இருக்காது. வழங்கியைப் படம் பிடித்தால் நாளிதழில் அழகாகவும் இருக்காது. மூலையில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனால், அதற்குள் நாற்பது பிள்ளைகளின் பெயரும் நாற்பது பிள்ளைகளின் எழுத்தும் பத்திரமாக இருக்கும். தோட்டத்துப் பதிவேட்டில் நம் தாத்தா பாட்டியின் பெயரை வேறொருவர் எழுதினார். எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்று மட்டும் பக்கத்தில் குறித்து வைத்தார். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அவர்களே எழுதிய கதையும் கட்டுரையும் இருக்கட்டும். அதற்கான அலமாரியைக் கட்டிக் கொடுப்பது நம் கடமை.

வரும் தவணை விடுமுறையிலேயே தொடங்குவோம்!